பின்மார்க்: மீனும் பனியும் மட்டும்தானா?

கேள்வி, 19.11.2024

நோர்வேயின் வடக்கு முனையில் பின்மார்க் என்றொரு மாகாணம் இருக்கிறது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்து போன நம்மவர்கள் பலர் அங்கே மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்ததாக மாமா ஒருவர் சொன்னார். படங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த பெட்டி மாதிரி இருக்கிறது. பழைய கட்டடம் ஒன்றுகூட இல்லை, மரமும் இல்லை. மீனும் பனியும் தவிர வரலாறு என்று எதுவும் இல்லாத இடம் என்றுதான் எனக்குப் படுகிறது. யாராவது அங்கே இருந்திருக்கிறீர்களா?


20.11.2024

இருந்திருக்கிறேன். 1986 முதல் 1997 வரை, மாகரோயா தீவில், ஹொன்னிங்ஸ்வோக் என்ற ஊரில். நோர்ட்காப் முனை இருக்கிற அதே தீவு.

பழைய கட்டடம் ஏன் இல்லை என்று கேட்டிருந்தால் உங்கள் கேள்விக்கு நீங்களே பதிலைக் கண்டுபிடித்திருப்பீர்கள். இருந்தது. எரித்துவிட்டார்கள். வேலை முடிந்து வந்து விரிவாக எழுதுகிறேன்.


20.11.2024, இரவு

1944 ஒக்டோபர். சோவியத் படை கிழக்கில் இருந்து தள்ளிக்கொண்டு வந்து 25ஆம் தேதி கிர்கெனெஸ் நகரைப் பிடித்தது. ஜெர்மன் படை மேற்கே பின்வாங்கியது. 28ஆம் தேதி ஹிட்லரிடம் இருந்து கட்டளை வந்தது: மக்களை எல்லாம் அப்புறப்படுத்து, பின்னால் வருகிறவனுக்கு ஒரு கூரைகூட மிஞ்சக் கூடாது. பின்மார்க்கில் தொடங்கி, பக்கத்து மாகாணமான த்ரொம்ஸில் லிங்கன் பியோர்ட் வரைக்கும் எரித்தார்கள். வீடு, மாட்டுக் கொட்டில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இறங்குதுறை, படகு, தந்திக் கம்பம். வீடுகள் மட்டும் சுமார் 11,000. கிட்டத்தட்ட 50,000 பேரைப் படகுகளிலும் கப்பல்களிலும் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள்.

ஹொன்னிங்ஸ்வோக்கில் மிஞ்சியது ஒரேயொரு கட்டடம், 1885இல் கட்டிய வெள்ளை மரத் தேவாலயம். 1945இல் திரும்பி வந்தவர்கள் அதற்குள்தான் படுத்தார்கள், அதற்குள்தான் சமைத்தார்கள். பாண் சுடுகிற போறணைகூட அதற்குள் வைத்திருந்தார்கள்.

நீங்கள் பார்த்த பெட்டி வீடுகள் அதற்குப் பிறகு வந்தவை. ஒஸ்லோவில் சில மாதிரி வரைபடங்களை வரைந்து, அதே வரைபடத்தில் ஊர் ஊராகக் கட்டினார்கள். மீளக் கட்டிய வீடு என்றே அவற்றுக்குப் பெயர். அப்படியொரு வீட்டின் மேல்மாடியில்தான் நான் ஏழு வருடம் வாடகைக்கு இருந்தேன். கீழே வீட்டுக்கார அம்மா. நோர்வேக்காரருக்கு மரியாதைப் பன்மை கிடையாது, எண்பது வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. அதனால் 'பெஸ்தமோர்' என்று கூப்பிட்டேன். பாட்டி என்று அர்த்தம். முதல் நாள் விசித்திரமாகப் பார்த்தார், அப்புறம் பழகிவிட்டது. ஊரில் வேறு தமிழ்ப் பொடியன்களும் அவரை அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள்.

அவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். 1944இல் அவருக்குப் பதினாறு வயது. அவருடைய அப்பா தையல் மெசினைத் தகரத்தில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் புதைத்தாராம். ஒரு அடிக்கு மேல் தோண்ட முடியவில்லை, கீழே பாறை.


22.11.2024

முந்தைய குறிப்பில் ஒரு திருத்தம். எல்லாரையும் தெற்கே அனுப்பிவிட்டார்கள் என்று படும்படி எழுதிவிட்டேன். அப்படி இல்லை. சுமார் 25,000 பேர் போகவில்லை. பலர் ஒளிந்துகொண்டார்கள். கடலோரக் குகைகளில், புல்மண் குடிசைகளில், கவிழ்த்துப் போட்ட படகுகளுக்குக் கீழே. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், கைக்குழந்தைகளோடு. கிர்கெனெஸுக்குப் பக்கத்தில் பியோர்னவாட்டன் என்ற இடத்தில் இரும்புச் சுரங்கத்துக்குள் மட்டும் மூவாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் பத்துக் குழந்தைகள் பிறந்தன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிழக்குப் பக்கத்தில் எல்லா அழிவும் ஜெர்மன்காரர் வைத்த தீ இல்லை. கிர்கெனெஸிலும் வார்டோவிலும் சோவியத் விமானங்கள் போட்ட குண்டுகளே பாதி ஊரைத் தின்றிருந்தன. விடுவிக்க வந்தவனும் அவன்தான், அதற்கு முன் குண்டு போட்டவனும் அவன்தான். எங்கள் தலைமுறைக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பழைய வீடுகள் பார்க்க விரும்பினால் வராங்கர் கரையில் ஹாம்னிங்பெர்க் என்ற சிற்றூருக்குப் போங்கள். அது எரியவில்லை. ஆனால் அறுபதுகளில் அரசாங்கம் கொடுத்த உதவித் தொகையை வாங்கிக்கொண்டு ஊரே காலி செய்துவிட்டது. வீடுகள் அப்படியே நிற்கின்றன, கோடையில் மட்டும் ஆட்கள் வருவார்கள். நெருப்புக்குத் தப்பிய ஊரை இருபது வருடத்தில் ஆட்களே விட்டுப் போனார்கள். எரிந்த ஊர்களுக்கு, வராதே வராதே என்று அரசாங்கம் தடுத்தும், ஆட்கள் திரும்பி வந்தார்கள்.


23.11.2024

"எவ்வளவு பெரிய இடம்?" என்று கேட்டவருக்கு: சுமார் 48,600 சதுர கிலோமீட்டர், இலங்கையில் முக்கால் பங்கு. மக்கள் ஏறத்தாழ 75,000. வார்டோ நகரம் இஸ்தான்புல்லை விடக் கிழக்கே இருக்கிறது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.


27.11.2024

நம்மவர்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். என் கதையைச் சொல்கிறேன், மற்றவர்களுடையதும் பெரும்பாலும் இதுதான்.

நோர்வேக்கு முதலில் வந்த யாழ்ப்பாணத்தவர் என்று எல்லாரும் சொல்வது அன்ரனி இராஜேந்திரத்தை. வந்தது 1956இல். 1967இல் காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் தொடங்கியதும் அவருடைய முயற்சியால்தான். அந்தத் தொடர்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வந்தார்கள். 83க்குப் பிறகு வெள்ளம் போல. நாட்டுப்புற உயர்பள்ளி என்று ஒருவகைப் பள்ளிகள் அங்கே உண்டு, பரீட்சை இல்லாமல் ஒரு வருடம் தங்கிப் படிக்கிற இடம். அந்தப் பள்ளிகளில் அனுமதி வாங்கி வந்தவர்கள் நூற்றுக்கணக்கில். நானும் அப்படித்தான். படிப்பு முடிந்தால் வேலை வேண்டும். ஆள் கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தவை வடக்கே மீன் தொழிற்சாலைகள். பஸ், கப்பல், திரும்பவும் பஸ், அப்புறம் பாதை. அன்றைக்குத் தீவுக்குப் போக பாதையை விட்டால் வழி இல்லை. தண்ணீர் மேல் மிதந்துபோகிற பாதையைச் சொல்கிறேன், தமிழகத்து நண்பர்கள் ரோடு என்று நினைக்க வேண்டாம்.

வேலை இதுதான்: காலை ஏழு மணிக்கு ரப்பர் சப்பாத்து, ஏப்ரன், இரண்டு சோடிக் கையுறை. மெசின் மீனை இரண்டாகப் பிளந்து, தோலை உரித்து அனுப்பும். கீழே வெளிச்சம் போட்ட வெள்ளை மேசையில் அந்தத் துண்டு வரும். வெளிச்சத்தில் புழு தெரியும், அதைக் கத்தி முனையால் எடுக்கவேண்டும். முள்வரிசையை ஒரே வெட்டில் எடுக்கவேண்டும். எத்தனை கிலோ செய்தாய், எவ்வளவு சதையை வீணாக்கினாய் என்று இரண்டையும் அளந்து காசு. மேசையில் என்னைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், ஐம்பது வயதுக்காரிகள். ஒரு மணிநேரத்தில் நான் செய்வதைப்போல் இரண்டு மடங்கு செய்வார்கள், வாயும் ஓயாது. நோர்வே மொழியை நான் படித்தது வகுப்பில் அல்ல, அந்த மேசையில். அதனால் இன்றைக்கும் ஒஸ்லோவில் வாயைத் திறந்தால் "நீ வடக்கா?" என்று கேட்பார்கள். அதைக் கேட்கும்போது எனக்குச் சந்தோசமாக இருக்கும்.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. எங்கள் வீடு உடுவில் பக்கம். புகையிலையும் வெங்காயமும் போட்ட குடும்பம். கரையோரத்து மக்களை எங்கள் வளவில் எந்த இடத்தில் நிற்கவைத்தோம், எந்தக் குவளையில் தண்ணீர் கொடுத்தோம் என்று பார்த்து வளர்ந்தவன் நான். அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் "தொழிற்சாலையில் வேலை" என்று மட்டும் எழுதினேன். மீன் என்ற சொல்லை எழுத எனக்கு நாலு வருடம் பிடித்தது. ஆனால் கத்தியைப் பிடிக்கச் சொல்லித் தந்தவர் மயிலிட்டிக் கரையில் இருந்து வந்த ஒரு அண்ணை. ஊரில் என்றால் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டேன். ஹொன்னிங்ஸ்வோக்கில் மீன் பிடிக்கிறவன்தான் ஊரின் முதுகெலும்பு. அவன் மகன் மாநகரசபைத் தலைவர் ஆவான், ஆசிரியர் ஆவான், அவனும் ஞாயிற்றுக்கிழமை வலைக்குப் போவான். இதைக் கண்ட பிறகுதான் எங்கள் ஊரில் நாங்கள் செய்தது எவ்வளவு கேவலம் என்று எனக்கு உறைத்தது. அண்ணையிடம் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். "இப்ப கத்தியைச் சரியாப் பிடி" என்றார். அவ்வளவுதான்.


1.12.2024

கருவாடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் உப்பே போடமாட்டார்கள்!

தலையை வெட்டிய கொட் மீனை வாலோடு வால் கட்டி, பெப்ரவரியில் இருந்து பெரிய மரச் சட்டங்களில் தொங்கவிடுவார்கள். குளிர் பூச்சியத்தைச் சுற்றி நிற்கிற காலம். அதற்கு மேல் போனால் அழுகும், மிகவும் கீழே போனால் உறைந்து சதை உடையும். ஈ கிடையாது. காற்று மட்டும் அடிக்கும். மூன்று மாதத்தில் விறகு மாதிரி ஆகிவிடும். ஆயிரம் வருடமாக ஐரோப்பாவுக்கு விற்ற சரக்கு இது. தலைகளைத் தனியாகக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புவார்கள், அங்கே அதில் குழம்பு வைப்பார்கள். நாங்கள் கேட்டால் ஒரு மூட்டை சும்மா தருவார்கள். ஊறவைத்து, பழப்புளி கரைத்து, யாழ்ப்பாணத் தூள் போட்டு... பெஸ்தமோர் வாசம் பிடித்து மேலே ஏறி வந்துவிடுவார். கண்ணில் தண்ணீர் ஓட ஓட இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

ரஷ்யாக்காரரும் மீனுக்கு வந்தவர்கள்தான். வெள்ளைக் கடல் பக்கத்தில் இருந்து கப்பலில் கம்பு மாவு கொண்டுவந்து கொடுத்து, கோடை மீனை வாங்கிப் போவார்கள். பொமோர் வணிகம் என்று பெயர், சுமார் 1740 முதல் 1917 புரட்சி வரை நடந்தது. இரண்டு பக்கத்துக்கும் மொழி தெரியாது, அதனால் பாதி ரஷ்யன் பாதி நோர்வேஜியனாக ஒரு பேச்சையே உருவாக்கிக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "மொயா பொ த்வொயா", 'நான் உன் பேச்சில்' என்கிற மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த விசயம் இது. எங்கள் தொழிற்சாலையிலும் தமிழும் நோர்வேஜியனும் பின்லாந்துப் பேச்சும் கலந்து அப்படித்தான் ஒன்று ஓடியது.


2.12.2024

கம்பு மாவு என்று எழுதியது தமிழகத்தில் குழப்பும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். சரிதான். ரை என்று அவர்கள் சொல்லும் கறுப்புப் பாண் தானியம். நம் கம்பு இல்லை.


8.12.2024

இருட்டு. நவம்பர் 20 அளவில் சூரியன் கீழே போனால் ஜனவரி 20ஐத் தாண்டித்தான் மேலே வரும். ஆனால் எல்லாரும் நினைப்பதுபோல் நாள் முழுக்கக் கும்மிருட்டு இல்லை. நடுப்பகலில் இரண்டு மூன்று மணிநேரம் ஒரு நீல வெளிச்சம் வரும். பனி நீலம், வீடு நீலம், கை நீலம். முதல் வருடம் எனக்கு அது பிடிக்கவில்லை. நித்திரை குழம்பி, இரவு இரண்டு மணிக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். மேசைப் பெண்கள்தான் மீன் எண்ணெய் குடி என்று துரத்தினார்கள். மாதத்தின் பெயரில் 'ர்' எழுத்து வந்தால் குடிக்கவேண்டும், அதுதான் அவர்களின் கணக்கு. செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை எல்லா மாதத்திலும் அந்த எழுத்து உண்டு.

சூரியன் திரும்புகிற நாளில் பிள்ளைகளுக்குச் சூரியப் பணிஸ் கொடுப்பார்கள். என் மூத்த மகள் அதற்காகவே ஜனவரியை எண்ணிக்கொண்டிருப்பாள்.


9.12.2024

நோர்ட்காப் ஐரோப்பாவின் வடமுனை என்று நான் எங்கும் எழுதவில்லை, ஆனாலும் அந்தச் சண்டை தொடங்கிவிட்டது. தீர்த்துவைக்கிறேன். அதே தீவில் பக்கத்திலேயே க்னீவ்ஷெலொட்டன் என்ற தாழ்ந்த நாக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அதிகமாக வடக்கே நீள்கிறது. அங்கே போக நடக்கவேண்டும், அதனால் பஸ்கள் நோர்ட்காப்புக்குப் போகின்றன. தீவைக் கணக்கில் எடுக்காவிட்டால் பெருநிலத்தின் வடமுனை கிழக்கே நோர்ட்கின் தீபகற்பத்தில் இருக்கிறது.


15.12.2024

சாமி மக்களைப் பற்றி நான் இவ்வளவு தூரம் ஒன்றும் எழுதாதது தவறு. நான் இருந்தது கடலோர ஊர், அதனால் அவர்கள் உள்நாட்டில், கறாசொக்கிலும் கௌதொகைனோவிலும், மான் மேய்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். வசந்தத்தில் ஆயிரக்கணக்கான கலைமான்கள் எங்கள் தீவுக்கு மேய்ச்சலுக்கு வரும். கடற்படைப் படகில் ஏற்றி இறக்குவார்கள். இலையுதிர் காலத்தில் திரும்பிப் போகும்போது அவையே ஒன்றே முக்கால் கிலோமீட்டர் நீரிணையை நீந்திக் கடக்கும். கரையில் நின்று பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு மேல் கொம்புகள் மட்டும், ஒரு காடு நகர்கிற மாதிரி.

என் எண்ணம் பிழை என்று காட்டியது மேசையில் என் எதிரே நின்ற ஒரு பெண். ஒருநாள் தேநீர் நேரத்தில் சொன்னார்: தன் அம்மாவும் பெரியம்மாவும் குசினிக்குள் வேறு மொழியில் கதைப்பார்களாம், பிள்ளைகள் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவார்களாம். அது சாமி மொழி என்று அவருக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. கடலோரத்தில் மீன் பிடித்தும் இரண்டு பசு வளர்த்தும் வாழ்ந்த சாமி மக்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருந்து நூறு வருடத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியை அடக்கினார்கள். விடுதிப் பள்ளிகளில் சிறுவயதிலேயே கொண்டுபோய் விட்டார்கள். 1902இல் ஒரு காணிச் சட்டம்: நோர்வே மொழி பேச, வாசிக்க, எழுதத் தெரிந்த குடிமகனுக்குத்தான் அரச காணி விற்கலாம். மொழி இல்லையென்றால் நிலம் இல்லை. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு 1956இன் தனிச் சிங்களச் சட்டம்தான் ஞாபகம் வந்தது. எங்களுடையது உத்தியோகம், அவர்களுடையது காணி.

பிறகு 1944இன் நெருப்பு. உடுப்பு, தொட்டில், புல்மண் வீடு, பழைய சாமான் எல்லாம் போனது. புதிதாகக் கட்டிக் கொடுத்தது ஒஸ்லோ வரைபடத்தில் வந்த நோர்வே வீடு. 1930 குடிமதிப்பில் சாமி என்று பதிந்த ஊர்கள் சில, 1950இல் ஒரு ஆள்கூட இல்லாமல் நோர்வேஜியர் ஆகிவிட்டன. ஆட்கள் அதே ஆட்கள்தான். குவேன் என்று சொல்லப்படும் பின்லாந்து வழி மக்களுக்கும் இதே கதை. வாட்சோ நகரில் ஒரு காலத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான் இருந்தார்கள்.

திருப்பம் அல்தா ஆற்றில் வந்தது. அணை கட்டப்போகிறோம் என்றது அரசாங்கம். 1979இல் சாமி இளைஞர்கள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், அந்தக் குளிரில், வீதியில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்களை அகற்ற 600 பொலிசார் போனார்கள். அணை கட்டப்பட்டது. ஆனால் அதன் பின் எதுவும் பழையபடி இல்லை. 1987இல் சாமிச் சட்டம், 1989இல் கறாசொக்கில் சாமிப் பாராளுமன்றம், 2005இல் பின்மார்க் சட்டம். அந்தச் சட்டப்படி மாகாணத்தின் நிலத்தில் சுமார் 95 விழுக்காடு அரசாங்கத்தின் கையில் இருந்து அங்கே வாழும் மக்களின் பொதுச் சொத்தாக மாறியது. போன மாதம், நவம்பர் 12, பாராளுமன்றம் சாமி மக்களிடமும் குவேன் மக்களிடமும் மன்னிப்புக் கேட்டது. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மேசைப் பெண்ணை நினைத்தேன்.


16.12.2024

பெயர் பற்றி ஒரு சின்ன விசயம். "சாமி ஆட்களின் கலைமான்கள் வந்தன" என்று 1988இல் வீட்டுக்கு எழுதினேன். எந்தக் கோயில் சாமி, எப்போது திருவிழா என்று அம்மா பதில் எழுதினார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.


27.12.2024

"அவ்வளவு பிடித்த ஊர் என்றால் ஏன் விட்டு வந்தீர்கள்?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் எழுத ஒரு கிழமை யோசித்தேன்.

முதல் காரணம் மீன். 1989 ஏப்ரல் 18ஆம் தேதி கொட் மீன்பிடியைப் பாதி வருடத்திலேயே நிறுத்தினார்கள். மீன் வற்றிவிட்டது என்றார்கள், உண்மையும்கூட. அடுத்த வருடம் படகுக்குப் படகு ஒதுக்கீடு வந்தது. அதுவரைக்கும் கடல் எல்லாருக்கும் பொது. அதற்குப் பிறகு ஒதுக்கீடு இருக்கிற படகுதான் மீன் பிடிக்கலாம். பின்னாளில் படகோடு சேர்த்து அதையும் விற்கலாம் என்று ஆனது. கடன்பட்டவன் விற்றான், தெற்கே காசு உள்ளவன் வாங்கினான். ஊருக்கு முன்னால் மீன் துள்ளும், ஊரில் உள்ளவனுக்குப் பிடிக்க உரிமை இல்லை. எங்களுக்கு இழுவைப் படகுகள் மீன் இறக்கும். பிறகு அவை கடலிலேயே உறையவைத்து வேறு எங்கோ அனுப்பத் தொடங்கின. நான் வேலை செய்த இடம் இரண்டு முறை திவாலாகிக் கைமாறியது. கடைசி முறை, கிறிஸ்துமசுக்கு மூன்று கிழமைக்கு முன்னால், கதவில் ஒட்டிய கடதாசியைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். மூன்று மாதச் சம்பளப் பாக்கி.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1990 முதல் பின்மார்க்கில் குடியிருப்பவருக்கு வரி குறைவு. படிப்புக் கடன் இருந்தால் அங்கே வேலை செய்கிற ஒவ்வொரு வருடத்துக்கும் பத்து வீதத்தைத் தள்ளிவிடுவார்கள். வைத்தியர்களும் ஆசிரியர்களும் அதனால் வந்தார்கள். மீன் மேசையில் நிற்கிறவனுக்கு ஏது படிப்புக் கடன்?

இரண்டாவது, பிள்ளைகள். தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஒஸ்லோவுக்கு இறங்கத் தொடங்கின. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் ஐந்து ஆனார்கள், பிறகு இரண்டு. அந்த இரண்டும் என் பிள்ளைகள். என் மனைவிக்குப் பேசுவதற்குத் தமிழில் ஆள் இல்லை. ஐந்து குடும்பம் சேர்ந்து "நாங்கள் போகமாட்டோம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் நின்றிருப்போமா என்று இன்னும் யோசிக்கிறேன். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

புறப்பட்ட நாளில் பெஸ்தமோர் கதவுவரைக்கும் வந்து, "ஊர் எரியாமலே காலியாகிறது" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.


28.12.2024

நேற்று எழுதியதை வாசித்தபோது நாங்கள் போனதால்தான் ஊர் தேய்ந்தது என்கிற மாதிரி ஒலிக்கிறது. அப்படி இல்லை. நோர்வேப் பிள்ளைகளும்தான் படிக்கப் போய்த் திரும்பாமல் விட்டார்கள். நாங்கள் பத்து, பன்னிரண்டு வருடம் அந்த ஊர்களின் மெசினை நிற்கவிடாமல் ஓட்டினோம். இப்போது அந்த மேசைகளில் லித்துவேனியாக்காரர் நிற்கிறார்கள்.


5.1.2025

2023 ஜூலையில் குடும்பத்தோடு போய்வந்தேன். இப்போது அந்த மிதக்கும் பாதை இல்லை. 1999இல் திறந்த சுரங்கவழி, ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே போய் ஏறுகிறது. எங்களுக்கு அன்று இது இருந்திருந்தால் மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன இரவு அலை அடங்கும்வரை காத்து நின்றிருக்க வேண்டாம்.

துறைமுகத்தில் ஊரை விட உயரமான உல்லாசக் கப்பல். இறங்குகிறவர்கள் நேராக நோர்ட்காப் பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஊருக்குள் ராஜ நண்டு காட்டக் கூட்டிப் போகிறார்கள். அந்த நண்டு அந்தக் கடலுக்குச் சொந்தமே இல்லை. சோவியத் விஞ்ஞானிகள் அறுபதுகளில் கம்சாட்காப் பக்கத்தில் இருந்து கொண்டுவந்து முர்மன்ஸ்க் அருகே விட்டார்கள், அது நடந்தே மேற்கே வந்துவிட்டது. என் காலத்தில் கிழக்கே வராங்கர் பக்கம் வலையைக் கிழிக்கிற சனியன் என்று திட்டுவார்கள். இப்போது ஒரு காலைத் தட்டில் வைத்து என் அன்றைய ஒருநாள் சம்பளத்தைக் கேட்கிறார்கள்.

நான் வேலை செய்த கட்டடம் பூட்டிக் கிடந்தது. யன்னலில் கை வைத்துப் பார்த்தேன். வெளிச்ச மேசை இல்லை. தரையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால் மட்டும் இருந்தது.

ஆனால் ஊர் சாகவில்லை. அந்த மக்களுக்குப் பிடிவாதம் அதிகம். 2020இல் பின்மார்க்கையும் த்ரொம்ஸையும் ஒரே மாகாணமாகச் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 2018இல், பின்மார்க்கில் வாக்கெடுப்பு வைத்து 87 விழுக்காடு வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். விடாமல் நின்று 2024 ஜனவரியில் திரும்பப் பிரித்துவிட்டார்கள். தெற்கே இருந்து வரைபடம் போட்டவர்கள் 1945இலும் தோற்றார்கள், இப்போதும் தோற்றார்கள்.


12.1.2025

தையல் மெசின் என்ன ஆனது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு 1995ஐச் சொல்லவேண்டும்.

ஒக்டோபர் 30 இரவு. தமிழோசை கேட்பதற்காகவே ஒரு சிற்றலை வானொலி வைத்திருந்தேன். யாழ்ப்பாணமே மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போகிறது என்று செய்தி. அம்மா அப்போது வலிகாமத்தில் இருந்தார், தனியாக. எனக்கு வேறு எந்தத் தொடர்பும் இல்லை. விடிய விடிய வானொலியைத் திருகிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு பெஸ்தமோர் மேலே வந்தார். சொன்னேன். எத்தனை பேர், எந்த வழி, என்ன எடுத்துப் போகலாம், மழையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தாங்களும் அதே மாதக் கடைசியில்தான் புறப்பட்டதாகச் சொன்னார். அப்புறம் கோப்பி போட்டார். விடியும் வரை என்னோடு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா எதையாவது புதைத்தாரா?" என்று அன்றைக்குக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அவர்களுடைய மெசின், 1945 கோடையில் தோண்டியபோது கிடைத்தது. வீடு எரிந்த சூடு ஒரு அடி மண்ணுக்குள் இறங்கி, மரப்பிடி கரியாகி இருந்தது. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டதும் ஓடியதாம். தேவாலயத்துக்குள் வைத்து, ஜெர்மன் படை விட்டுப்போன கூடாரத் துணியில் பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைத்தார்களாம். நான் இருந்த காலத்திலும் அது கூடத்தில் நின்றது, பிடி இல்லாமல்.


22.1.2025

இன்று அங்கே சூரியன் வந்திருக்க வேண்டும், மேகம் இல்லாவிட்டால்.

மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். அம்மா சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் இருந்தார். உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி செஞ்சிலுவைச் சங்கக் கடதாசியில் பெப்ரவரியில் வந்தது. 1996 வசந்தத்தில் திரும்பி வீட்டுக்குப் போனார். அந்தக் கடிதம் எனக்குக் கிடைத்தபோது ஹொன்னிங்ஸ்வோக்கில் நடுநிசிச் சூரியன். இரவு பதினொரு மணிக்கு முற்றத்தில் நின்று வாசித்தேன். கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்த குத்துவிளக்கு மட்டும் அப்படியே இருந்தது.

பெஸ்தமோர் வேலியோரம் உருளைக்கிழங்குப் பாத்தியில் இருந்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"எவ்வளவு ஆழம்?" என்றார்.

இரண்டு முழம் என்று கையால் காட்டினேன்.

"அங்கே நல்ல மண்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கொத்தத் தொடங்கினார்.